உங்கள் வண்டியும் சுகமே, மாப்பிள்ளை

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மோட்டார் சைக்கிளும் சுகம். கடைசியாகச் சொன்னதைக் கடிதம் முடியும்வரை மனதில் வைத்துக்கொள்ளவும். நடுவில் சில இடங்களில் அப்படித் தோன்றாது.

வண்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "மாமா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்." சொன்னது என்னிடம், சாவியைக் கொடுத்தது அத்தையிடம். அதை நான் கவனிக்காமல் இல்லை. இருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மறைந்த உங்கள் அப்பா இருபது வருஷம் ஓட்டிய வண்டி அது, உங்களுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வாரம் ஓடவிட்டபோதே டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டதும் வண்டியை உடனே நிறுத்திவிட்டேன். என் பொறுப்பில் இருக்கும்போது அதற்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஓடிப்போய்த் தெருமுனை மெக்கானிக்கிடம் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். "டைமிங் செயினா இருக்கும் சார். உள்ள இருக்கிற பல்சக்கரத்தையெல்லாம் ஒண்ணா சுத்த வைக்கிறது அதுதான். ஒரு பல் தப்பினாலும் வண்டி மக்கர் பண்ணும். தள்ளிட்டு வாங்க" என்றார். தள்ளிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். நான் புதுச் செயினை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வண்டி பக்கவாட்டுச் சந்தில், சுவரை ஒட்டி நிற்கிறது. அதைச் செங்கல் மேல் ஏற்றிய பிறகுதான் செயின் இருப்பது சுவர்ப் பக்கம் என்று தெரிந்தது. ஏற்றத் தெரிந்த எனக்கு இறக்கத் தெரியவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கை போகிறது, தலை போகவில்லை. விடுவேனா? அத்தையின் அலங்கார மேசைக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தேன், மொத்தமும் பளிச்சென்று தெரிந்தது. முப்பத்து மூன்று வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன், சும்மா கழற்றுவேனா? கண்ணாடியில் தெரிந்ததை நிழல் போட்டு, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் எண்ணி, அதிலிருக்கும் அடையாளக் குழிப்புள்ளி, எஞ்சின் உடலில் கீறியிருக்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒரு பல் தள்ளி நிற்கிறது என்பதுவரை வரைந்துகொண்டுதான் ஸ்பேனரையே எடுத்தேன். புதுச் செயினைப் பூட்டும் நேரத்தில் அத்தை வந்து, "தலை வார ஒரு கண்ணாடி இல்லாம மூணு நாளா அலையறேன்" என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், படம் இருக்கிறதே! படத்தைப் பார்த்து, விரலால் தடவித் தடவியே பூட்டினேன். ஒரு திருகுகூட மிச்சமில்லை.

உதைத்தேன். பட் என்று வெடித்துவிட்டு வண்டி என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே இப்போதும் வீக்கம் இருக்கிறது, மகளிடம் சொல்ல வேண்டாம். நானும் பிடித்த பிடியை விடவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நீலமாக, நன்றாக வருகிறது. பெட்ரோலும் வருகிறது. கார்புரேட்டரைத் துடைத்து மாட்டினேன், மறுபடி உதை. கடைசியில் பிளக் இருந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு உதைத்தேன். விரலைத் தள்ளி எறிய வேண்டிய காற்று மெல்ல ஊதிவிட்டுப் போயிற்று. உள்ளே அழுத்தமே இல்லை, அப்படியானால் கோளாறு நான் பூட்டிய இடத்தில்தான். மூன்று முறை திறந்து படத்தோடு ஒப்பிட்டேன், மூன்று முறையும் அச்சு அசலாகப் பொருந்தியது. உங்கள் அப்பாவின் வண்டியை நானே கொன்றுவிட்டேன் என்று, உண்மையைச் சொன்னால், அந்தச் சந்திலேயே உட்கார்ந்து அழுதேன். மெக்கானிக் வேறு வாசலில் வந்து, "என்ன சார், இப்பவாவது தள்ளிட்டு வர்றீங்களா?" என்றார். "இல்லை" என்றேன்.

டீ கொண்டுவந்த அத்தை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏங்க, சுவர்ப் பக்கம் நின்னு பார்த்தா முன்சக்கரம் இடது கைப் பக்கம்தானே வரணும்? இதுல வலது பக்கம் இருக்கே."

மாப்பிள்ளை, படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் பார்த்து வரைந்ததல்லவா, மொத்தப் படமும் இடம் வலமாகியிருக்கிறது. ஒரு பல் இந்தப் பக்கம் நிற்க வேண்டிய புள்ளியை ஒரு பல் அந்தப் பக்கம் நிறுத்திப் பூட்டியிருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்ததும் அதே படத்தை வைத்துத்தான். உடனே திறந்தேன், இரண்டு பல் திருப்பினேன், பூட்டினேன், உதைத்தேன். ஒரே உதை! உங்கள் அப்பா காலத்தில்கூட இப்படி ஓடியிருக்காது. நான் துணிந்து திறந்திராவிட்டால் அந்தச் செயின் உங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கும். ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், தொட்டதெல்லாம் முதல் உதையிலேயே கிளம்பி, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் இன்னொரு முறை ஓடவிட்டேன். டிக் டிக். புதுச் செயின் போட்டும் அதே சத்தம். ஸ்பேனரை எடுக்கப் போனேன். அத்தை வந்து, சாவியில் தொங்கும் பித்தளை வில்லையை இரண்டு விரலால் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். டிக் டிக். "சம்பந்தி ஓட்டுறப்பவும் இது இப்படித்தான் தட்டும். இதைக் கேட்டுத்தானே அவர் வர்றார்னு நான் அடுப்புல டீ வைப்பேன்" என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "என்கிட்ட எங்க கேட்டீங்க? மெக்கானிக்கிட்ட இல்ல போய்க் கேட்டீங்க." பழைய செயினை மெக்கானிக்கிடம் காட்டினேன், இன்னும் பத்து வருஷம் ஓடுமாம். உங்கள் அப்பாவின் வில்லையை மட்டும் நான் கழற்றவில்லை. சாவி, நீங்கள் கொடுத்த இடத்திலேயே, அத்தையிடம் இருக்கிறது.