கீறல் படாத எழுபது கிலோமீட்டர்

பூபாலன் வலது காலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இடது காலை இழுத்தான். அதுவும் வரவில்லை. சைக்கிள் மட்டும் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஆறுச்சாமியண்ணா, புடிங்க, புடிங்க" என்று கம்பெனி கேட்டருகே கத்தினான்.

வாட்ச்மேன் ஆறுச்சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். பேக்கிங் மேனேஜர் அவசரமாக வெளியே போகிறார் என்று புரிந்துகொண்டு, பாதி திறந்திருந்த கேட்டை முழுக்கத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார்.

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையின் சரிவில் சைக்கிள் வேகம் பிடித்தது. பிரேக் இருந்தது. பிடித்தால் நிற்கும். நின்றால் சாயும். கால் ஊன்ற முடியாததால், சாய்ந்தால் விழும். விழுந்தால் கீறல்.

அந்தக் கீறல்தான் பிரச்சினை. ஏனென்றால் சைக்கிள் அவனுடையதல்ல, ஜெர்மன்காரருடையது.

கம்பெனிக்கு ஒரே பெரிய பையர் அவர்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பனியன்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார். இந்த முறை அவருக்கு அடுத்த மாதம் ஏதோ டிரையத்லான் போட்டியாம். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், இடையில் ஓய்வில்லாமல்.

இதைக் கேட்டபோது அயர்னிங் செக்‌ஷன் காசிமாயன், "எதுக்குண்ணே, கோர்ட்ல எதுவும் தீர்ப்பா?" என்று கேட்டான். உசிலம்பட்டிக்காரன். எதையும் விளங்கிக்கொள்ளாமல் விட மாட்டான்.

பையர் பயிற்சியைத் தவறவிட முடியாது என்று தன் சைக்கிளை முன்கூட்டியே விமானத்தில் அனுப்பிவிட்டார். போட்டி நடக்கும் பாதை மாதிரியே ஏற்ற இறக்கமாக, சிக்னல் இல்லாத, எங்கேயும் நிற்க வேண்டியிராத ஒரு நீண்ட சாலை வேண்டும் என்று மெயிலில் கேட்டிருந்தார். சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியதால், இது பேக்கிங் டிபார்ட்மென்ட் சமாச்சாரம் என்று முதலாளி சிவசுப்பிரமணியம் முடிவு செய்து, சைக்கிளை மாட்டுகிற வேலை, சாலை பார்க்கிற வேலை இரண்டையும் பூபாலன் தலையில் கட்டினார்.

"இந்தா பாரு பூபாலா. ரெண்டே கால் லட்சம் ரூவா சைக்கிளு. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்குப் பையர் வர்றாரு. அதுல ஒரு கீறல் இருந்துச்சுன்னா இந்த சீசன் ஆர்டரு போச்சு. ஆர்டரு போச்சுன்னா நீயும் அப்படியே போயிரு, சொல்லிட்டேன்."

பூபாலன் ஞாயிறு காலையில் வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து சைக்கிளை மாட்டி முடித்தான். பாதையையும் அவனே வரைந்து கைப்பிடியில் ஒட்டினான். படியூர், சிவன்மலை, காங்கயம், ஊதியூர், அங்கிருந்து திரும்பி அதே வழி. மொத்தம் எழுபது கிலோமீட்டர். எங்கேயும் நிற்க வேண்டியதில்லை.

காம்பவுண்டுக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பெடல் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. ரப்பர் செருப்பு வழுக்கியது. பெட்டியிலேயே பட்டை வைத்த ஷூ ஒரு ஜோடி இருந்தது. போட்டு மிதித்தான். ஷூவின் அடி பெடலில் மாட்டி டக் என்றது வலது பக்கம். டக் என்றது இடது பக்கம். ஆகா, கிண்ணென்று உட்கார்ந்துவிட்டதே என்று அவன் சந்தோஷப்பட்டது முக்கால் ரவுண்டு வரைக்கும்தான்.

இப்போது காங்கயம் ரோட்டில் அவனை ஒரு நாய் முந்திப் போனது.

யாராவது பிடித்தால் போதும் என்று நினைத்தான். ஓடுகிற சைக்கிளை ரோட்டில் யார் பிடிப்பார்கள்? ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் நாலு பேர் கூடுவார்கள், விஷயத்தைச் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். படியூரில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தது. உள்ளே விட்டு வட்டமடிக்க ஆரம்பித்தான்.

நாலு பேர் என்ன, நாற்பது பேர் கூடினார்கள்.

"ஏனுங்க, எத்தன நாளுங்க?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"நாளெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் புடிங்க."

"மூணு நாளா, அஞ்சு நாளா?"

"என்னதுங்க?"

"எங்க ஊருக்குப் போன தடவை வந்தவரு ஏழு நாளு கீழ எறங்காம சைக்கிள்லயே சுத்துனாருங்க. குளியல், சாப்பாடு எல்லாம் மேலயேதான்."

பூபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் சின்ன வயதில் அந்த வித்தையை வேடிக்கை பார்த்தவன்தான். "அய்யோ, அது நானில்லீங்க. காலு மாட்டிக்கிச்சுங்க. புடிங்க."

டிராக்டரில் சாய்ந்திருந்த ஒருவர் கையை நீட்டிக்கொண்டு வரத்தான் செய்தார். டீ மாஸ்டர் அவரை இழுத்துப் பிடித்தார். "தொடாதீங்க மாமா. காலு தரையில பட்டுச்சுன்னா ரெக்கார்டு போயிரும். அசதியில அப்படித்தான் கெஞ்சுவாங்களாம். நாமதான் தைரியம் சொல்லோணும்."

"எனக்கு ரெக்கார்டெல்லாம் வேண்டாமுங்க."

"பார்த்தீங்களா, சொன்னனில்ல."

அதற்குள் கோயில் விசேஷத்துக்குக் கட்டியிருந்த மைக் செட்டைக் கந்தப்பன் என்கிறவர் போட்டுவிட்டார். மைக்கில் அவர் பேசியதில் பூபாலனின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஒரு அம்மாள் குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். இன்னொருத்தி ஓடி வந்து வாயில் வாழைப்பழத்தை வைத்தாள். பசித்ததால் தின்றான். ஜனங்கள் கை தட்டினார்கள்.

இங்கே இருந்தால் ஏழு நாளும் இறக்கிவிட மாட்டார்கள் என்று புரிந்ததும், பூபாலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரோட்டுக்கு வந்தான்.

"அடுத்த ஊருக்குப் போறாருங்க" என்றது மைக். "காங்கயத்துக்குப் போனைப் போட்டுச் சொல்லுங்கப்பா."

அடுத்த யோசனை சிவன்மலை அருகே வந்தது. மலைப்பாதையில் ஏறினால் சைக்கிள் தானாகவே வேகம் குறையும். நடந்து போகிற பக்தர்களில் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டால் போயிற்று. ஏற்றத்தில் திருப்பினான். நினைத்தபடியே வேகம் குறைந்தது. மூச்சு இரைத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தோளைப் பிடித்தும்விட்டான்.

"அப்பா, உழுந்துருவனுங்க" என்றான் அழாத குறையாக.

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த உடம்பு, முகமெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"வேண்டுதலா சாமி? மலைக்குச் சைக்கிள்லயே வர்றேன்னு வேண்டிக்கிட்டியா?"

"இல்லீங்க, எறங்கோணும்."

"பாதியில எறங்கக் கூடாது சாமி. வேண்டுனது வேண்டுனதுதான். ஏப்பா, தள்ளுங்கப்பா."

ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அரோகரா சத்தத்தில் பூபாலனின் மறுப்பு மறுபடியும் முழுகிப் போனது. மலையுச்சியில் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். "யாராச்சும் கழட்டி உடுங்க" என்று அவன் வாய் திறப்பதற்குள், அதே ஆறு பேரும் அதே பக்தியோடு கீழே திருப்பி ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்கள்.

இறக்கத்தில் என்ன நடந்தது என்று பூபாலனுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

காங்கயத்தில் டிராபிக் போலீஸ்காரர் இரண்டு பஸ்களையும் ஒரு தேங்காய் லாரியையும் நிறுத்தி அவனுக்கு வழிவிட்டார். போன் வந்திருந்ததாம். யாரோ ஒரு துண்டைக் கழுத்தில் போட்டார்கள். ஊதியூர்வரை சாலையோரம் ஆட்கள் நின்றார்கள். அவன் கை அசைத்து உதவி கேட்டான். அவர்கள் திருப்பிக் கை அசைத்தார்கள். ஊதியூர் மலையடிவாரத்தில் அகலமான இடமாகப் பார்த்துத் திரும்பியபோது மணி ஒன்று. தான் யார், எந்தக் கம்பெனி, எதற்காக இந்த ரோட்டில் இருக்கிறோம் என்பதெல்லாம் அவனுக்கே குழம்ப ஆரம்பித்திருந்தது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. கீறல் விழவில்லை.

மறுபடி காங்கயம் தாண்டியதும் டிவிஎஸ் ஐம்பதில் காசிமாயன் எதிரே வந்து, வண்டியைத் திருப்பிப் பக்கத்தில் ஓட்டினான்.

"என்னண்ணே, போன எடுக்க மாட்டேங்குறீய? மொதலாளி பத்துத் தடவ கூப்புட்டாரு."

"போனு டேபிள்மேல கெடக்குது. காசி, முதல்ல என்னையப் புடி."

"நிப்பாட்டுங்கண்ணே, ஒக்காந்து பேசுவோம்."

"நிப்பாட்டுனா உழுந்துருவன். காலு மாட்டிக்கிச்சு."

"எதுலண்ணே?"

"பாத்தாத் தெரியல? சைக்கிள்லதான்யா."

காசிமாயன் குனிந்து பார்த்தான். டிவிஎஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "பூட்டு மாதிரில்ல இருக்கு. சாவி எங்க?"

"சாவியெல்லாம் பெட்டியில வரல."

"வந்திருக்கும்ணே. பேக்கிங் லிஸ்ட்ல ஒழுங்காப் பாத்தீயளா?"

பேக்கிங் மேனேஜரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கோபப்பட பூபாலனிடம் தெம்பு இல்லை. காசிமாயனின் தோளைப் பற்றிக்கொண்டான். டிவிஎஸ் இழுக்க, சைக்கிள் கூடவே போனது. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே காசிமாயன் முதலாளிக்குப் போன் போட்டான்.

"மொதலாளி, கண்டுபுடிச்சாச்சு. ஆனா அண்ணன் சைக்கிளோட ஒட்டிக்கிட்டாரு... இல்லைங்க, பசையெல்லாம் இல்ல... கீறலா? கீறல் இல்லைங்க... சரிங்க." போனைப் பையில் போட்டுவிட்டு, "பையர் மூணு மணிக்கே வந்துருவாராம்ணே. சைக்கிளை உடனே கொண்டாரணுமாம். நீங்க அப்புறமா மெல்ல வந்தாப் போதுமாம்" என்றான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்னு சொல்லலியா?"

"சொன்னேன். போன வச்சுட்டாரு."

கம்பெனி வாசலில் அயர்னிங் செக்‌ஷன் ஆட்கள் பத்துப் பேர் இரண்டு வரிசையாக நின்றார்கள். தேர் நிலைக்கு வருவது மாதிரி சைக்கிள் வந்து அவர்கள் கைகளுக்குள் நின்றது. பூபாலன் அசையாமல் மேலே உட்கார்ந்திருந்தான். முதலாளி சிவசுப்பிரமணியம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சுற்றிவந்து, குனிந்து, தடவிப் பார்த்தார்.

"கீறல் இல்ல" என்றார். "பொழச்சுக்கிட்ட. எறங்கு."

"அது முடிஞ்சா எறங்க மாட்டனுங்களா?"

தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பெடல் இன்னும் நன்றாகச் சுற்றியது. இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து மேலே தூக்கினார்கள். சைக்கிளும் சேர்ந்து எழும்பியது. காசிமாயன் அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாவி தேடினான். கட்டிங் மாஸ்டர் கன்னையன், துணி வெட்டுகிற மெஷினோடு வந்து நின்றார்.

"மொதலாளி, ஷூவோட அடியை மட்டும் அளவா அறுத்து எடுத்தறனுங்க. தையல்கூடப் பிரியாது."

"அது பையர் ஷூப்பா. அதுல கை வெக்காத."

"அப்ப வேற எதையுங்க அறுக்கறது?"

எல்லோரும் பூபாலனின் கணுக்காலைப் பார்த்தார்கள்.

"என்னுங்க இது, இப்படிப் பார்க்கறீங்க?" என்றான் பூபாலன்.

அப்போது கேட்டில் கார் ஹாரன் கேட்டது. ஆறுச்சாமி கேட்டை முழுக்கத் திறந்து சல்யூட் அடிப்பது தெரிந்தது. முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"அப்படியே உருட்டி உள்ள கொண்டு போங்க. பெட்டிகளுக்குப் பின்னால நிறுத்துங்க. பூபாலா, பையர் போற வரைக்கும் தும்மாத, இருமாத."

பத்துப் பேரும் சைக்கிளையும் பூபாலனையும் உருட்டிக்கொண்டு பேக்கிங் ஹால் வாசலுக்கு ஓடினார்கள். வாசலின் குறுக்கே துடைப்பக் கட்டை நீண்டது. பிடித்திருந்தவள் பெருக்கித் துடைக்கிற குழந்தையம்மாள். பையர் வருகிறார் என்று காலையிலிருந்து மூன்று தடவை பினாயில் போட்டுத் துடைத்த தரை அது.

"வழியை உடம்மா, அவசரம்" என்றார் முதலாளி.

குழந்தையம்மாள் அசையவில்லை. பூபாலனின் காலைப் பார்த்தாள்.

"சைக்கிளு வரட்டுங்க, வேண்டாங்கல, சாரை மட்டும் அந்தப் பட்டையை இழுத்து உட்டு, ஷூவைப் பெடல்லயே உட்டுப்போட்டு, எல்லாரையும் போல வெறுங்காலோட எறங்கி வரச் சொல்லுங்க."