முன் ஆக்சிலும் என் மச்சானும்

நான் செய்த தப்பை நான் ஒத்துக்கொண்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் அறுபத்தெட்டு வயதில், வெள்ளை வேட்டி சட்டையோடு, கடற்கரை மணலில், மீன் வாங்க வந்த ஜனங்களுக்கு முன்னால்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சிறுவனாக லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன். எழுந்து பார்த்தால் பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கென்று ஒரு பட்டறை இருந்தது. நடுவில் நடந்தது அத்தனையும் உழைப்பு. பி.இ. படித்த எட்டுப் பேர் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். (இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் குறை. உண்மையை எத்தனை முறை சொன்னால் என்ன?)

பட்டறையை மகன் கையில் கொடுத்த பிறகு எனக்குக் கை அரித்தது. காயலாங்கடை ஒன்றில் மழையில் நனைந்துகொண்டிருந்த பழைய ராணுவ லாரியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். என்னைவிட வயதில் மூத்த வண்டி. இஞ்சின், பிரேக், கியர்பெட்டி எல்லாம் ஒரு வருடத்தில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டன. மிச்சம் இருந்தது முன் ஆக்சில், அதாவது முன் சக்கரங்களைத் தாங்குகிற அச்சு மட்டும். இந்த மாதிரி லாரியில் முன் சக்கரங்களும் இழுக்கும். அதற்கென்று தனியாக ஒரு லிவர் உண்டு. மணலிலும் சேற்றிலும் அதைப் போட்டால் வண்டி நாலு காலாலும் ஏறும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி பிலோமியின் அண்ணன் லூர்துசாமி பிரான்சிலிருந்து வந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அங்கே லாரிதான் ஓட்டினார். நான் பிலோமியைப் பெண் கேட்டபோது, "படிக்காத பையனாச்சே" என்று சொன்னவரும் இவர்தான். அதற்கப்புறம் நாற்பது வருடமாக என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் லாரியின் மூக்கைத் தடவிப் பார்த்தார். "இதே சாதி வண்டிதான் மாப்ள நான் ஓட்டனது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிலோமிதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போயிட்டே இருக்குங்க. இனிமே ஸ்டியரிங்க தொடக்கூடாதுன்னு அங்க டாக்டரு சொல்லிட்டாராம். கொஞ்சமாவது தெரியறப்பவே இத ஒரு வாட்டி மணல்ல ஓட்டிப் பாக்கணுமாம். ஒங்ககிட்ட கேக்க கூச்சப்படுது."

எனக்குள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவன், "பாவம் மனுஷன்" என்றான். இன்னொருவன், "இன்னைக்கு மாட்டினாரு பாரு, நான் யாருன்னு காட்டறேன்" என்றான். ஸ்பானரைக் கையில் எடுத்தது இரண்டாமவன். மச்சான் ஊருக்குத் திரும்ப இருபது நாள் இருந்தது.

வெளியே விடாத மழை. ஆறு பேர் தூக்கி, ஆக்சிலை ஹாலுக்குள் கொண்டுவந்தோம். சோபா படுக்கையறைக்குப் போனது. மாதா படத்துக்குக் கீழே மரக்கட்டைகள் மேல் ஆக்சில் படுத்துக்கொண்டது. விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்தார்கள். பிலோமி செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு அருள்நிறை மரியேவுக்கும் நடுவில் என் சுத்தியல் ஒரு போடு போட்டது. "சாமிக்கே காது வலிக்கும்" என்றாள்.

ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் அளவு ஒரு கூடு. அதற்குள் பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக இருக்கும், சுற்றிலும் போல்ட். அதைக் கழற்றப் போனபோது மச்சான் சாக்பீஸோடு வந்தார்.

"எது மேல, எது கீழன்னு ஒரு கோடு போட்டுக்கலாம் மாப்ள. எங்களுக்கு அங்க அது சட்டம்."

"மச்சான், அதெல்லாம் பள்ளிக்கூடம் போனவங்களுக்கு. எனக்கு என் கையே ஞாபகம் வெச்சிக்கும்."

அவர் சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து, பேரிங்குகளை டீசலில் கழுவித் தந்தார். ஒன்றைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இதுல ஒரு குண்டு தேஞ்சி போயிருக்கு" என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். போயிருந்தது. மாற்றிவிட்டேன். அவர் சொன்னது சரி என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பல்சக்கரத் தொகுப்பைத் திரும்ப மாட்டிய அன்று இஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டு அதோடு சேராமல் கொஞ்சம் அடம்பிடித்தது. இரண்டு தட்டுத் தட்டினேன். பழைய இரும்பு அப்படித்தான் என்று பிலோமிக்கு விளக்கமும் சொன்னேன்.

மச்சான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் காலையில் கனகசெட்டிக்குளம் கடற்கரைக்குக் கிளம்பினோம். ரோட்டில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். முன் சக்கரம் சும்மா உருளும். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. "எப்படி மச்சான்?" என்று ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் "நல்லாருக்கு மாப்ள" என்றார். அவர் கை மடியில் இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.

கடற்கரையில் முதலில் நானே ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னேன். (ஏன் அவரிடம் உடனே கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.) மணலில் இறக்கி, முன் சக்கரத்துக்கான லிவரைப் போட்டு, கிளட்ச்சை விட்டேன்.

வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நின்ற இடத்திலேயே கீழே போனது. இஞ்சினை முறுக்க முறுக்க, நாய் குழி தோண்டுகிற மாதிரி நாலு பக்கமும் மணல் பறந்தது. மீன் கூடையோடு நின்ற அம்மாள் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"யோவ் பெரியவரே! முன் சக்கரம் பாண்டிக்குப் போவுது, பின் சக்கரம் மெட்ராசுக்குப் போவுது. நீ எந்த ஊருய்யா?"

கரையே சிரித்தது. "மணல் சரியில்ல" என்றேன். யாரும் நம்பவில்லை. படகு இழுக்கிற டிராக்டர் வந்து எங்களை ஈர மணலுக்கு இழுத்துப் போட்டது. மச்சான் இறங்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். மெதுவாகச் சுற்றச் சொல்லி, முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"பல்சக்கரத்த தலகீழா மாட்டிட்டோம் மாப்ள. அதான் எதிர்ப்பக்கமா சுத்துது." அப்புறம் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல. வண்டில ஒக்காந்து வந்தனே, அது போதும்."

மாட்டிட்டோமாம். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் மணலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு விமானம். பிரித்து மாட்ட மூன்று நாளாகும்.

"நான்தான் மச்சான் மாட்டனேன்" என்றேன். "நீங்க கோடு போடச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

சொன்ன பிறகு பூமி பிளக்கவில்லை. காதுக்குள் இருந்த இரைச்சல்தான் அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு யோசனை வந்தது. முன் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது; சரி, ரிவர்ஸ் கியர் போட்டால் நேராகச் சுற்றுமே? பின் சக்கரம் எதிர்த்து இழுக்காமல் அதற்குப் போகிற தண்டை மட்டும் கழற்றிவிட்டால்?

அந்த வெள்ளை வேட்டியோடு ஈர மணலில் வண்டிக்கு அடியில் படுத்தேன். மச்சான் ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தார். பின் தண்டு கழன்று வந்தது. "ஏறுங்க மச்சான்" என்றேன், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து.

கரையில் ஆளில்லாத பக்கமாக, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கில் கை வைத்திருக்க, அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். "அலே!" என்று கத்தினார், பிரெஞ்சில் 'போ' என்று அர்த்தம். லாரி முன்னால் போனது! நடக்கிற வேகம்தான். அலை வந்து சக்கரத்தை நனைத்தது. மச்சான் கழுத்தை நீட்டி, கண்ணாடிக்கு வெளியே தெரிந்த வெளிச்சத்தை அப்படியே குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நிறுத்தியபோது அந்த மீன்கார அம்மாள், "இது இன்னா வண்டிய்யா, ரிவர்சு போட்டாத்தான் முன்னால போவுது" என்றாள். அதை எங்கள் வீடு பிடித்துக்கொண்டது.

இப்போது எங்கள் குடும்பத்தில் தப்பை ஒத்துக்கொள்வதற்குப் பெயர் ரிவர்ஸ் போடுவது. போன மாதம் மகன் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டுப் போனில் சமாளித்துக்கொண்டிருந்தான். பிலோமி பக்கத்தில் போய், "ரிவர்ஸ் போடுடா, ரோடு கெடைக்கும்" என்றாள். போட்டான். பேத்தி போடுகிறாள். நான் வாக்குவாதத்தில் குரலை உயர்த்தினால் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சேர்ந்து ரிவர்ஸ் லாரி மாதிரி கூவுகிறார்கள்.

மச்சானுக்கு இப்போது நிழல் மட்டும்தான் தெரிகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வார். "அந்தக் கதையச் சொல்லு மாப்ள" என்பார். "எந்த எடத்துலேர்ந்து?" என்று கேட்பேன். "நீ குழி தோண்டன எடத்துலேர்ந்து."

சொல்கிறேன். மணல் நல்ல மணல்தான் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.