ஏழாவது விதி

மூக்குக் கண்ணாடிக் கூடு காலியாக இருந்தது.

தபீதாள் டீச்சர் அதை மூடினாள், திறந்தாள், கவிழ்த்து உதறினாள். 'தபீதாள், தமிழாசிரியை, சித்தூர்' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டிய கூடு. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் ஒரு சாக்பீஸைக்கூடத் தொலைக்காதவள்! போயும் போயும் இன்றைக்கா?

இன்றைக்குத் திருப்பதியில் அவள் பேச்சு. தலைப்பு: 'ஆசிரியர்களே, ஒழுங்காவது எப்படி?' எல்லைப்புறத் தமிழ் டீச்சர்கள் அறுபது பேர் வருகிறார்கள். பேச்சு எடுபட்டால், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் டீச்சர்களுக்கு ஒழுங்கு பழக்கும் வேலை அவளுக்குத்தான். ஜூனில் ரிட்டயர்மென்ட். இந்த வேலை கிடைக்காவிட்டால் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, புருஷன் சுந்தர்சிங் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்க வேண்டும்.

சுந்தர்சிங் பால் வாங்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையில், நேற்றைய மசால்வடைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி கிடந்தது. போன மாதம் ஆசிரியர் சங்கத்தின் கண் முகாமில் டீச்சர்களுக்கும் வீட்டாருக்கும் கொடுத்த கறுப்பு ஃபிரேம். எல்லாம் ஒரே அச்சு.

"வச்ச எடத்தப் பாரு, வடைக்குப் பக்கத்துல! இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரு."

வேறு வழியில்லை, எடுத்தாள். கண்ணாடி முழுக்க எண்ணெய்க் கைத்தடம். துடைக்க முந்தானையைத் தூக்கியவள் அப்படியே விட்டுவிட்டாள். அவள் எழுதிய பத்து விதிகளில் ஏழாவது: 'அவரவர் பொருளை அவரவரே துடைக்க வேண்டும். அடுத்தவர் துடைத்துக் கொடுத்தால் ஆள் உருப்படாது.' ஊருக்கு உபதேசம் பண்ணப் போகிற நாளில் சொந்த விதியை மீறுவாளா? மாட்டிக்கொண்டு, காலிக் கூட்டையும் கைப்பையில் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் பலகையில் 'திரு' வரைக்கும் தெரிந்தது. மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஊர் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் வந்தார்.

"திருப்பதி ஒண்ணு."

"இது திருத்தணி போற வண்டிம்மா! கண்ணாடி போட்டுக்கினு இருக்கியே, போர்டு பாக்கலியா?"

"இது என்னுது இல்லப்பா. வீட்டுக்காரருது."

"அப்ப அவரையே அனுப்பியிருக்கலாம் இல்ல?"

பஸ்ஸே சிரித்தது. புத்தூரில் இறங்கினாள். இந்தத் தடவை தப்பு வரக் கூடாதென்று மூன்று பேரைக் கேட்டாள். மூன்று பேரும் மூன்று பஸ்ஸைக் காட்டினார்கள். விசாரித்து முடிப்பதற்குள் சரியான பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து, திருச்சானூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒரு மணி நேரம் லேட்.

வேலை கொடுக்கிற அதிகாரி ஸ்ரீதேவி மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏமி டீச்சரம்மா, ஒழுங்கப் பத்திப் பேச வர்றவங்களே லேட்டா?"

தபீதாளுக்கு முகம் செத்துப்போனது. மேடையேறிப் பேச்சுத் தாளை விரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். அடுத்தவர் பொருளை ஊரார் பொருளோடு கலக்கக் கூடாது. அது நாலாவது விதி.

"ஒரு கண்ணாடி குடுங்கப்பா, படிச்சிட்டுத் தர்றேன்!"

ஏழெட்டுப் பேர் எழுந்து ஓடிவந்தார்கள். அவள் மைக்கில் வகுப்புக் குரலை எடுத்தாள். "தள்ளாதீங்க! கண்ணாடி இருக்கிறவங்க எல்லாரும் மேசையில வரிசையா வைங்க!"

அந்தக் குரலுக்கு யார்தான் தப்ப முடியும்? முப்பத்திரண்டு கண்ணாடி வந்து சேர்ந்தது. அதில் ஒன்று ஸ்ரீதேவி மேடத்துடையது.

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ஒன்றில் தரை எழும்பி வந்தது. இன்னொன்றில் இரண்டு ஸ்ரீதேவி மேடம் தெரிந்தார்கள். ஒருவரைச் சமாளிப்பதே பெரும்பாடு! கழற்றியதையெல்லாம் கை சும்மா இராமல் அழகாக அடுக்கிவைத்தது. எதுவும் சேரவில்லை. நிமிர்ந்தபோது முப்பத்திரண்டும் அதே கண் முகாம் கறுப்பு, ஒரே அடுக்கு. யாருடையது எது? கர்த்தருக்கே வெளிச்சம்!

"டீச்சர், இது யாருது? என் காலு எங்க கீதுன்னே தெரியல!" என்று நகரி கோவர்த்தனன் சார் அலறினார்.

"என்னுதுல ஒரு கீறல் இருக்கும்," என்றாள் சத்தியவேடு கலைவாணி.

"எல்லாத்துலயும் கீறல் இருக்குதும்மா!"

மேடம் தூணைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க சார்," என்றார்.

போச்சு, வேலை போச்சு என்று தபீதாளுக்கு அழுகை முட்டியது. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் அறுபது பிள்ளைகளை மேய்த்தவள் அல்லவா? மேசையை ஓங்கித் தட்டினாள்.

"சைலன்ஸ்! கண்ணாடிக்காரங்க வட்டமா நில்லுங்க. ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. செவுத்து பேனரப் படிங்க. தெரியுதா, உக்காருங்க. தெரியலயா, கழட்டி இடது பக்கத்து ஆளுக்குக் குடுங்க!"

கண்ணாடிகள் மூக்கு மூக்காகச் சுற்றின. முதல் சுற்றில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஏழு. சிரிப்பும் கூச்சலுமாகப் பத்தே நிமிடத்தில் கடைசி ஆளும் பேனரைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஸ்ரீதேவி மேடம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு! வேணும்னே கலைச்சு, ஒழுங்கு பண்ணிக் காட்டினீங்களா? டெமோவா?"

"ஆமா மேடம்," என்றாள் தபீதாள், கண்ணிமைக்காமல்.

மேடம் பேச்சுத் தாளை வாங்கி, அதிலிருந்த பத்து விதிகளையும் மைக்கில் வாசித்தார். "ஏழாவது விதிதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்! எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் எழுதி மாட்டுங்க. வேலை டீச்சரம்மாவுக்குத்தான்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தபீதாளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. பட்டன் தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கினாள். ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. பக்கத்திலேயே மைக்.

"என்னங்க, உங்க கண்ணாடிய நான்தான் எடுத்தாந்துட்டேன்."

சுந்தர்சிங்கின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "என்னுது என் சட்டப் பாக்கெட்ல இருக்குது தபீதா. நேத்து வடை துன்னுக்கினே தெரியாம உன்னுத மாட்டிப் பாத்துட்டு மேசையிலயே வச்சிட்டேன். நீ போட்டுக்கினு போனது உன்னுதுதான்... ஏன், ஒரு தடவ தொடச்சுப் பாக்கலியா?"