பூக்காத மரமும் ஏணி அண்ணாச்சியும்

மும்பையில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு மரத்தைப் பூக்க வைக்கிறேன் பேர்வழி என்று மொத்தக் கட்டடத்தையும் மூன்று வருடம் ஆட்டிப்படைத்தவர் எங்கள் ஏணி அண்ணாச்சி ஒருவர்தான். செம்பூரிலிருந்து அம்பர்நாத் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொருவர் கிடைக்கமாட்டார். கிடைத்தால் அந்தப் பேட்டை தாங்காது.

அண்ணாச்சிக்கு பெயின்டிங் கான்ட்ராக்ட். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தோளில் ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய நிஜப் பெயர் கட்டடச் சொசைட்டியின் ஜாயின்ட் செக்ரெட்டரியான எனக்கே மெயின்டனன்ஸ் ரசீதைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. மாட்டுங்கா நர்சரி ஒன்றில் ஃபிர் மரம் என்று சொல்லிக் கொடுத்த கன்றை, இருபது வருடத்துக்கு முன் பெயின்ட் டப்பாவில் கொண்டுவந்து நட்டவர் அண்ணாச்சி. இந்த ஊர் வெயிலில் அசல் ஃபிர் பிழைக்குமா, இது அதன் ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளையா என்று யாரும் ஆராயவில்லை. வருடா வருடம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி அதன் உச்சிக்கு ஏறுவார். நுனியை ஒரு முழம் வெட்டி, அந்த இடத்தில் பைப்பைக் கட்டி, ஆள் உயர நட்சத்திரத்தை மாட்டுவார். ஸ்டேஷனில் இறங்கும்போதே அது தெரியும். அதைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்.

வினை, செக்ரெட்டரி மேத்தாவின் இரண்டாவது கார் ரூபத்தில் வந்தது. காருக்கு நிறுத்த இடமில்லை. மரத்தை எடுத்தால் இடம் தாராளம். மீட்டிங்கில் மேத்தா எழுந்து, "ஃபூல் நஹி, ஃபல் நஹி, சாயா பீ நஹி! பூவில்லை, காயில்லை, நிழலுமில்லை. எதற்கு இந்த மரம்?" என்று கேட்டார். குஜராத்தி வீட்டு சீத்தா, மலையாளி வீட்டுத் தென்னை எல்லாம் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த காம்பவுண்டில் அது எடுபடக்கூடிய கேள்விதான்.

அண்ணாச்சி விருட்டென்று எழுந்தார். "ஃபூல் ஆயேகா! பூ வரும்!" என்று கர்ஜித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ தம்பி. மூணு வருசம். பூக்கலன்னா நானே என் கையால வெட்டிருதேன்."

எழுதினேன். கையெழுத்தும் வாங்கினேன். அதற்கப்புறம்தான் பூக்க வைப்பது எப்படி என்று அண்ணாச்சி யோசிக்க ஆரம்பித்தார்.

முதல் வைத்தியம், மீன் கழுவிய தண்ணீர். மார்க்கெட்டிலிருந்து தினமும் இரண்டு வாளி வரும். செம்பூரின் அத்தனை பூனைகளும் எங்கள் சொசைட்டியில் மெம்பர் ஆகிவிட்டன. மரம் பச்சைப் பசேலென்று கொழுத்ததே தவிர பூவைக் காணோம். "எம் மீன்கொழம்புல உப்பு இருக்கான்னு ஒரு நா கேட்டதில்ல. மரத்துக்கு விடிய முன்னால போயி பக்குவம் பாக்காரு" என்று அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, என் மனைவியிடம் அங்கலாய்த்தார்.

அடுத்து வெளிச்சம். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் மரத்தின் மேல் விழுகிறதாம். பெயின்டருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான் தோன்றியது. எங்கள் முன்பக்கச் சுவர் முழுக்கப் பளபளக்கும் வெள்ளை அடித்துவிட்டார். வெயில் சுவரில் பட்டு மரத்துக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு. அது நேராக எதிர்ச் சாரி வீடுகளுக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சமைத்தார்கள்.

மூன்றாவது வைத்தியம் வந்துவிடுமோ என்று பயந்து, ஒருநாள் சாயங்காலம் மொபைலில் தேடிப் படித்துக் காட்டினேன். இந்த ஜாதி மரத்தில் மல்லிகை மாதிரி பூ வராது, உருண்டையான முள்ளுக் கூம்பாகத்தான் வரும். வயசாகவேண்டும். உரம் அதிகமானால் இலைதான் தழைக்கும். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கூம்பு பெரும்பாலும் உச்சிக் கிளைகளில்தான் வரும். ஆகவே நுனியை ஒருபோதும் வெட்டக்கூடாது" என்று படித்தேன்.

அண்ணாச்சியின் தலை அப்படியே நின்றுவிட்டது.

"திரும்பப் படி."

படித்தேன்.

"அப்பம் இத்தன வருசமா அத பூக்க விடாம வெட்டுனது நான்தானா?"

ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பூனை உட்பட யாரும் ஏறக்கூடாது என்று உத்தரவு.

அந்த டிசம்பரில் மரத்தின் மேல் நட்சத்திரம் இல்லை. கேரல் பாட வந்த சபைக்காரர்கள் வழி தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்ப் பாடிவிட்டார்கள். சபை ஐயரான பாஸ்டரே நேரில் வந்து, "என்ன அண்ணாச்சி, விசுவாசம் கொறஞ்சிருச்சா?" என்று விசாரித்தார்.

"விசுவாசம் இருக்கப் போயிதானே ஐயரே ஏறாம இருக்கேன்" என்றார் அண்ணாச்சி. அப்புறம் ஏணியை மரத்துக்குப் பக்கத்தில் நட்டு அதன் உச்சியில் நட்சத்திரத்தைக் கட்டினார். பெயின்ட் வேலைக்கு ஏணி இல்லாமல் அந்த மாதம் முழுக்க ஸ்டூல் மேல் நின்று சுவரின் கீழ்ப்பாதியை மட்டும் அடித்தார்.

ஒரு வருடம் போனது. இரண்டு போனது. மரம் எங்கள் மாடித் தகரக் கூரையையும் தாண்டிப் போய்விட்டது. உச்சியில் என்ன நடக்கிறதென்று கீழேயிருந்து தெரியாது. ஏறிப் பார்க்கவும் விடமாட்டார். "நுனி ஒடிஞ்சா யாரு பதில் சொல்லுவா?" என்பார். கெடு முடியும் மாதம் வந்தபோது அண்ணாச்சி ரொம்ப இளைத்திருந்தார். மேத்தா இரண்டாவது காருக்கு உறை வாங்கிவிட்டார். மரம் வெட்ட முனிசிபாலிட்டிக்கு எழுதும் விண்ணப்பத்தை நான் எழுதி, தேதியை மட்டும் போடாமல் வைத்திருந்தேன். எழுதிய கை எனக்கே பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். மேத்தா பேச எழுந்த நேரத்தில், பக்கத்துக் கட்டடம் ஐந்தாவது மாடி குல்கர்ணி காக்கு, அதாவது மராத்திச் சித்தி, மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவருடைய பாத்ரூம் ஜன்னலுக்கு நேரே எங்கள் மரத்தில் தேன்கூடு கட்டியிருக்கிறதாம். ஒன்றல்ல, ஐந்து. குளிக்கவே பயமாக இருக்கிறது, உடனே எடுங்கள் என்று பாதி இந்தியிலும் பாதி மராத்தியிலும் சண்டை போட்டார்.

"கூடு எப்பிடி இருக்கு? கோல்? உருண்டையா?" என்றார் அண்ணாச்சி.

"உருண்டை. பச்சை. மேலே முள்."

அண்ணாச்சி செருப்பைக்கூடப் போடவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் ஐந்து மாடியையும் ஓடியே ஏறினார், லிஃப்ட் இருப்பது அவருக்கு நினைவில்லை. நாங்கள் லிஃப்டில் போய்ச் சேர்ந்தபோது அவர் பாத்ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"செக்ரெட்டரிய வரச்சொல்லு!"

கமிட்டி மெம்பர்கள் பதினோரு பேரும் அந்த பாத்ரூமுக்குள் நுழைந்தோம். பொருளாளர் வாஷிங் மெஷின் மேல் ஏறினார். யாரோ ஷவரைத் திறந்துவிட்டு மூன்று பேரை நனைத்தார்கள். மேத்தாவைக் கவிழ்த்த வாளியின் மேல் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைத்தோம்.

"ஜோர்ல கினோ! சத்தமா எண்ணும்!" என்றார் அண்ணாச்சி.

"ஏக்... தோ... தீன்... சார்... பாஞ்ச்" என்று எண்ணிவிட்டு மேத்தா இறங்கினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, நிஜமாகச் சொல்கிறேன், அவரே முதலில் கைதட்டினார். பாத்ரூம் அதிர்ந்தது. அது தேன்கூடு இல்லை, கூம்பு, மரம் பிள்ளையுண்டாகியிருக்கிறது என்று புரிந்ததும் காக்கு உள்ளே ஓடிப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் கொண்டுவந்தார். அன்றே கீழ்க்கிளையில் வளையல் ஏறியது. மதினி எல்லார் வீட்டுக்கும் கேசரி அனுப்பினார். தேதி போடாத விண்ணப்பத்தை நான் எட்டாகக் கிழித்தேன். என் பதவிக்காலத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கூட்டம் கலைந்தபிறகு அண்ணாச்சி மட்டும் மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இங்கேயிருந்து ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி."

"தெரியாட்டா என்ன தம்பி? இருக்குல்லா."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதர் இருக்கிற கட்டடத்தில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கழுத்து வலித்தது. ஆனாலும் அவர் கிளம்பும்வரை நானும் கிளம்பவில்லை.