மப்ளர் அண்ணாச்சியும் சூடேறும் சட்டையும்

குளிரைச் சொந்தப் பங்காளியைப் போலப் பகைத்துக்கொண்டு திரிகிறவர் தென்காசி வட்டாரத்திலேயே ஒருவர்தான். எங்கள் மப்ளர் அண்ணாச்சி. சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும்போதும் அவர் தலையைச் சுற்றி மப்ளர் இருக்கும். அவருக்குக் காது இருக்கிறதா என்று குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. கல்யாண போட்டோவிலாவது தெரியும் என்று ஒருமுறை அவர் வீட்டுச் சுவரில் எட்டிப் பார்த்தேன். தலைப்பாகை காதை மூடியிருந்தது.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. இதே மனிதர் தினமும் விடிந்ததும் தன் பழைய மோட்டார் பைக்கை உதைத்துக் கிளப்பி ஐந்தருவிக்குப் போவார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மப்ளருக்குப் பதில் காதை மூடி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குப் பல் கிட்டும்வரை அருவிக்கு அடியில் நிற்பார். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அச்சன்புதூரில் இருக்கும் தன் உரக்கடைக்குப் போவார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அருவியில நிக்கும்போது குளிராதா அண்ணாச்சி?"

"அருவி எப்படிம்மா குளிரும்? அது தண்ணில்லா! பைக்குல வரும்போது காத்து அடிக்கு பாரு, அதுதான் மனுசனக் கொல்லுது."

நான் இயற்பியல் படித்தவள். ஈர உடம்பில் காற்று படுவதைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "நீ படிச்ச பிள்ள, உனக்குக் குளிராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலையும் கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காற்றை எதிர்க்க அவரிடம் ஒரு படையே இருந்தது. பனியனுக்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் யூரியா சாக்கில் கை நுழையவும் தலை நுழையவும் ஓட்டை போட்ட ஒரு கவசம், அதற்கு மேல் சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு. செய்தித்தாளிலும் ஞாயிற்றுக்கிழமைத் தாள்தான் வேண்டும். "மத்த நாள் பேப்பர்ல விசயமே இல்ல, எப்படிச் சூடு இருக்கும்?" என்பார். அவர் சிரித்தால் உள்ளே சரசரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே தூங்கிக்கொண்டிருக்கும் என் பாப்பா விழித்துக்கொள்வாள். அவளைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. கொடைக்கானலில் கட்டிக்கொடுத்த ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள் தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். மலைப்பாதையில் அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, பேறுகால மருந்தையெல்லாம் இடித்து எடுத்துக்கொண்டு முன்னாலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி பின்னால் போக வேண்டும். எதில் போவது? பஸ் படத்தைப் பார்த்தாலே எலுமிச்சம்பழம் தேடுகிறவர் அவர். காரிலும் அதே கதை. வாந்தி வராத ஒரே வாகனம் அவருடைய பைக்தான். மாதமோ மார்கழி. இடமோ கொடைக்கானல்.

"பேரனோ பேத்தியோ, பிள்ளையக் கையில வாங்கும்போது நான் அங்கன நிக்கணும்மா. அதுக்குள்ள வழியில வெறச்சுப் போயிரக் கூடாது" என்று என்னிடம் வந்து நின்றார். துணிக்குள் கம்பி வைத்து, பேட்டரியில் சூடாகும் சட்டை ஒன்று இருப்பதாக உரம் வாங்க வந்த யாரோ சொன்னார்களாம். அதை நான் பார்த்து வாங்கித்தர வேண்டுமாம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே அண்ணாச்சி."

"உனக்கா தெரியாது? பாப்பாவுக்கு ஒரு குல்லா வாங்க நீ எத்தன குல்லாவத் திருப்பி அனுப்புன! அந்தக் கூரியர்க்காரப் பையன் நம்ம தெருவுக்குக் குடிவந்துருவான்னுல்லா நெனச்சேன். நீ ஒரு சாமான வச்சுக்கிட்டேன்னா அது நல்ல சாமான்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொறுப்பு வந்துவிட்டது. பாப்பா தூங்கும் நேரமெல்லாம் தேடினேன். பைக் பேட்டரியில் ஒயர் மாட்டும் சட்டை ஒன்று, தனி பேட்டரியைப் பையில் வைத்துக்கொள்ளும் சட்டை ஒன்று என்று இரண்டு வகை. அண்ணாச்சி பைக்கில் ஹாரன் அடித்தாலே ஹெட்லைட் மங்கிவிடும். அதில் சட்டையையும் மாட்டினால் இரண்டில் ஒன்றுதான் எரியும். ஆகவே தனி பேட்டரி. உடம்போடு ஒட்டி இருந்தால்தான் சூடு பிடிக்கும், ஆனால் வெறும் தோலில் படக்கூடாது. பச்சை விளக்கு எரிந்தால் இளஞ்சூடு, சிவப்பு என்றால் முழுச்சூடு. படிக்கப் படிக்க ஒரு பயம். நான் சொல்லி வாங்கி, அது அவர் முதுகைச் சுட்டுவிட்டால்? பேறுகாலத்துக்குப் போன வீட்டில் இவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தால்?

இன்னொரு பயமும் வந்தது. உடம்பு குளிர்ந்தால் நடுக்கம்தான் வரும். விரல் மரத்துப்போனால் பிரேக்கே பிடிக்க முடியாது. அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது சூடேறும் கையுறை அல்லவா?

"கைக்கு எதுக்கும்மா? நெஞ்சுதான் முக்கியம்" என்றார் அண்ணாச்சி.

"பிரேக்கை நெஞ்சால பிடிப்பீங்களா?"

கொஞ்ச நேரம் சரசரவென்று யோசித்தார். கடைசியில் இரண்டுமே வாங்கினோம். சட்டை அவர் வீட்டுக்குப் போனது. கையுறை மட்டும் என் வீட்டில் இருந்தது. விரல் அளவு சரியா, திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கலாமா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

சட்டையைச் சோதிக்க அண்ணாச்சி தேர்ந்தெடுத்த இடம் ஐந்தருவி. பார்க்காமல் மனம் அடங்காது என்பதால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் கணவரோடு காரில் பின்னாலேயே போனேன். போனவர் சட்டையைச் சோதித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அருவிவரை வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா? வழக்கம்போல எண்ணெய் தேய்த்தார், காதை மூடித் துண்டு கட்டினார், குளித்தார், உடம்பைத் துவட்டினார். 'வெறும் தோலில் வேண்டாம்' என்று நான் சொன்னதை மறக்காமல் ஒரு பனியன் போட்டார். அதற்கு மேல் சூட்டுச் சட்டை. விளக்கு சிவப்பு.

சற்று நேரத்தில் அவரைச் சுற்றி அப்பளம் பொரிக்கிற வாசம் கிளம்பியது. தேய்த்த எண்ணெயெல்லாம் உள்ளே காய ஆரம்பித்துவிட்டது. பஜ்ஜிக் கடை அக்கா தன் சட்டியை எட்டிப் பார்த்தாள், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, நமக்குப் போட்டியா கட போடுதீகளா?"

மரத்தில் இருந்த குரங்குகளுக்குக்கூட சந்தேகம் வந்து இரண்டு மூன்று இறங்கி வந்தன. ஒன்று அவர் பைக் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. "யம்மா, முதுகுல யாரோ ஒத்தடம் குடுக்க மாதிரி இருக்கு! குளிர் செத்தான்!" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. சட்டையில் ஏறிய எண்ணெய் வாடையோடு மகள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? பேட்டரி நனையக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், அதைப் பத்திரமாகக் கழற்றி டிபன் டப்பாவில் வைத்துவிட்டு, சட்டைக்குச் சீயக்காய் தேய்த்து அருவிக்குக் கீழே பிடித்திருக்கிறார். ஐந்தருவித் தண்ணீர் அடிக்கிற அடியில் மனிதர்களுக்கு முதுகுப் பிடிப்பே விட்டுவிடும். சட்டைக்குள் இருந்த கம்பிகள் என்ன ஆகும்? காய்ந்த பிறகு பேட்டரியை மாட்டினால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சீயக்காய் மணம் மட்டும் இருந்தது.

"அருவியில போகாத அழுக்கா?" என்று என்னையே கேட்டார். 

வேறு சட்டைக்கு ஏற்பாடு செய்வதற்குள் போன் வந்துவிட்டது. குறித்த நாளுக்கு முன்னாலேயே மகளுக்கு வலி. அண்ணாச்சி எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினார். அதே செய்தித்தாள், அதே யூரியா சாக்கு.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை பஸ்ல போயிருங்களேன். மாத்திரை தாரேன்."

"பாதி வழியில என்னைய எறக்கி விட்ருவாம்மா. பைய போயிருதேன்."

உள்ளே ஓடிப் போய்க் கையுறையை எடுத்து வந்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை. நானே அவர் கையில் மாட்டி, பொத்தானைக் காட்டினேன். "பச்சையிலேயே வைங்க. அருவி வந்தாலும் இதைத் துவைக்காதீங்க."

ராஜபாளையத்தில் இருந்து போன் வந்தது. "பச்சைம்மா." உசிலம்பட்டியில் இருந்து வந்தது. "பச்சைதான்மா. ஒரு டீ குடிச்சேன்." வத்தலக்குண்டில் இருந்து, "இனி மலை. சிவப்பு போடட்டா?" போடச் சொன்னேன். அதன் பிறகு போன் இல்லை. அன்று சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டேன். பாப்பாவுக்குக் குல்லாவைப் போட்டேன், கழற்றினேன், திரும்பப் போட்டேன். மலைப் பாதை, பனி, மரத்துப்போன விரல் என்று என் மனம் எங்கெங்கோ போனது.

சாயங்காலம் வீடியோ கால் வந்தது. திரையில் யாரோ ஒரு பெரியவர். இரண்டு பெரிய காதுகள். முறத்தைப் போல.

"யாருங்க?"

"என்னம்மா, நான்தான்!"

மப்ளர் இல்லை. ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்லிவிட்டார்களாம். கையில் ஒரு வெள்ளைத் துணிப் பொதி. பேத்தி.

"கேளும்மா கதைய. மாப்பிள்ள, சம்பந்தி வீட்டுக்காரக எல்லாரும் கைய நீட்டுதாக. நர்சம்மா ஒவ்வொரு கையாத் தொட்டுப் பாத்துட்டு, 'ஐஸ் மாதிரி இருக்கு, பிள்ளையத் தொடக்கூடாது, போய்ச் சூடாக்கிட்டு வாங்க'ங்கா. அப்பந்தான் நான் போய் நிக்கேன். கையுறையக் கழத்தி நீட்டுதேன். அடுப்புல இருந்து எடுத்த தோச மாதிரில்லா இருக்கு! 'தாத்தா, நீங்க வாங்க'ன்னு என் கையில குடுத்துட்டா. பெத்த அப்பனுக்கே எனக்குப் பெறகுதான்!"

"கை கழுவினீங்களா அண்ணாச்சி?" எனக்கு முதலில் அதுதான் வாயில் வந்தது.

"மருந்து ஊத்தித் தேச்சாச்சும்மா." சிரித்தார். உள்ளே சாக்கு சரசரத்தது. பேத்தி அசையக்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கே குளிரலையா?"

பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "எங்கன?"

அண்ணாச்சி இன்னும் ஊர் திரும்பவில்லை. விடியற்காலையில் பைக் உதைக்கிற சத்தம் இல்லாததால் பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் விழித்துக்கொள்கிறேன். அவர் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளப் புதிதாக ஒரு சூட்டுச் சட்டை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். இதுவரை திருப்பி அனுப்பவில்லை. அளவுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. உள்ளே அந்த யூரியா சாக்குக்கும் இடம் வேண்டுமே.