கலைமணி அக்காவின் கைப்பையில் மணப்பெண்ணின் கண்ணாடி

தர்மபுரி மாவட்டத்தில் தக்காளி, மாம்பழம், புளி ஆகியவற்றோடு ஆண்டு முழுவதும் தட்டுப்பாடில்லாமல் விளைகிற இன்னொன்றும் உண்டு. வேளாண்மைத் துறை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் பெயர் கல்யாண அனுபவசாலி. மழை பெய்யாவிட்டாலும் முளைக்கும். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாசனை பட்டால் போதும், மறுநாள் காலை உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. வாழ்நாளில் ஒரே ஒரு கல்யாணத்தைத்தான் முன்னின்று நடத்தியிருக்கும். அந்தக் கல்யாணத்தின் படங்கள் முழுவதும் கைபேசியில் இருக்கும். "நான் சொல்லலீங்க, அனுபவம் சொல்லுது" என்று ஆரம்பிக்கும். "செய்யறதும் செய்யாததும் உங்க இஷ்டம்" என்று முடிக்கும். நடுவில் உங்கள் இஷ்டம் எங்கே போனது என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காரிமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அன்பரசிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவளுக்கு வாய்த்தவர் அடுத்த தெரு கலைமணி அக்கா. மாப்பிள்ளை நவநீதன், மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவன், அடர்த்தியான மீசைக்காரன். அன்பரசிக்கு அந்த மீசை பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

முதல் நாளே கலைமணி அக்கா சட்டங்களை அறிவித்துவிட்டார். ரவிக்கையில் உள்தையலில் துணி விட்டுத் தைக்கச் சொல்லு, கல்யாணத்துக்குள்ள நீ ஊதிடுவ; மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்குதான்னு கேக்காத, போட்டுக் காட்டச் சொல்லு; புதுச் செருப்பு போட்டுக்கிட்டு வராத, எவளாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவா; ஊக்கு நெறைய வெச்சுக்க, ஆனா ஊக்கு கேக்கறவளுக்குக் குடுக்காத; ஒகேனக்கல்லுக்குப் போட்டோ எடுக்கப் போனா கவுனு போட்டுக்கிட்டுப் பரிசல்ல ஏறாத, காத்து பூந்தா பரிசல ஓட்டறவனுக்கு முன்னாடி வழி தெரியாது; சாயங்காலத்துலருந்து தண்ணி கொறச்சுக் குடி, பட்டுப் பொடவையோட பாத்ரூம் போறதுக்கு நாலு ஆளு வேணும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் கொஞ்சம் உற்றுக் கேட்டால் உண்மை புரியும். இவை அறிவுரைகள் அல்ல, கலைமணி அக்காவின் மகள் கல்யாணத்தில் நடந்த விபத்துகள். அங்கே கரண்ட் போனது, செருப்பு போனது, ரவிக்கை கிழிந்தது. தன் வீட்டில் எது எது கெட்டதோ, அது ஒன்று விடாமல் அடுத்தவர் வீட்டில் சட்டமாகும். இந்த இனத்தின் ஞானம் மொத்தமும் பிறக்கும் இடம் இதுதான்.

அப்படிப் பிறந்த சட்டங்களில் ஒன்று அன்பரசியின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"கண்ணாடியக் கழட்டிடணும்" என்றார் கலைமணி அக்கா, கைபேசியை நீட்டி. "பாரு என் பொண்ண. கண்ணாடியில லைட்டு பட்டு ரெண்டு கண்ணும் டியூப்லைட்டு. ஆல்பம் முச்சூடும் இப்படித்தான். பாக்கறவங்கல்லாம் பொண்ணுக்குக் கண்ணே இல்லியான்னு கேக்கறாங்க."

"கழட்டுனா எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா."

"கல்யாணப் பொண்ணுக்கு என்னாத்துக்குத் தெரியணும்? உன்னியத்தான் எல்லாரும் பாப்பாங்க."

அன்பரசியின் கண்ணாடி சும்மா அழகுக்கு மாட்டியதல்ல. அது இல்லாவிட்டால் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் மோரில் கரைத்த மஞ்சள்தான். லென்ஸ் போட்டுப் பார்த்தாள். கண்கள் இரண்டும் நவநீதன் மண்டியில் ஒதுக்கிவைத்த பழுத்த தக்காளிபோல் ஆயின. கூட வேலை பார்க்கும் தஸ்லீமிடம் மட்டும் புலம்பினாள்: "வேற எதுவும் வேணாம்டி. தாலி கட்டற அந்த நிமிசம் அவரு மூஞ்சி எப்படி இருக்குதுன்னு நான் பாக்கணும். அப்புறம் ஆல்பத்துல பாக்கறதுக்கா நான் கல்யாணம் பண்ணிக்கறன்?"

நியாயமான ஆசைதான். ஆனால் அவள் அம்மா குள்ளம்மாள், "ஒரு நாளைக்குத்தான பாப்பா, அந்தக்கா அனுபவப்பட்டவங்க" என்றார். அனுபவப்பட்டவர்களிடம் வாதாடி ஜெயித்தவர் யார்?

வரவேற்பு மாலை வந்தது. மேடை ஏறும் முன் கலைமணி அக்கா கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பதிலுக்கு மூன்று சட்டங்கள் தந்தார். வருகிற எல்லாருக்கும் ஒரே அளவு சிரி. கழுத்தைத் திருப்பாதே, நகை ஒதுங்கும், மாப்பிள்ளையையே பார்க்கிறாள் என்று பேச்சும் வரும். "எதுக்கால தல வெள்ளையா தெரிஞ்சா யாரு எவருன்னு யோசிக்காத, கால்ல வுழுந்துடு."

அன்பரசி சட்டத்தை மதிக்கிற பெண். நேராகப் பார்த்துச் சிரித்தாள். மாமியாருக்குச் சிரித்தாள், குளிர்பானம் கொண்டுவந்தவருக்குச் சிரித்தாள், யாரும் நிற்காத ஒரு தூணுக்கும் சிறிது நேரம் சிரித்தாள். அப்போது எதிரே வெள்ளையாக ஒரு தலை தெரிந்தது. அவள் யோசிக்கவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

போட்டோக்காரருக்கு விளக்குப் பிடிக்கிற முனிராஜ், வெக்கை தாங்காமல் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். மணப்பெண்ணைவிட இரண்டு வயது சின்னவன். கையில் விளக்கோடு ஓடவும் முடியாமல், "ஐயோ, நல்லா இருங்க மேடம்" என்று ஆசீர்வாதம் செய்தான்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிரித்தார்களா? மாப்பிள்ளை வீட்டு அத்தைமார் உருகிப் போனார்கள். "லைட்டு புடிக்கற பையனக்கூட மதிக்கறா பாரு! வளத்தா இப்படி வளக்கணும்!" கலைமணி அக்கா முன் வரிசையில் எழுந்து நின்று, "நான் சொல்லிக் குடுத்ததுங்க" என்றார். அன்றிரவே வேறு இரண்டு வீட்டார் அவர் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இனத்தின் அறிவுரை பலித்தாலும் பெருமை, கெட்டாலும் பெருமை. அழியுமா?

மறுநாள் முகூர்த்தம். மணவறையில் உட்கார்ந்ததும் அன்பரசி கை நீட்டினாள்.

"கண்ணாடி."

"நேத்து வாங்குனதுலருந்து கலைமணி அக்கா பையிலயே பத்திரமா இருக்குது பாப்பா" என்றார் குள்ளம்மாள்.

"அக்கா எங்க?"

எங்கே இருப்பார்? சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தியில் இருந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தால்தான் குறையைக் கண்டுபிடித்து இரண்டாம் பந்திக்குள் திருத்தலாம் என்பதும் அவருடைய சட்டமே. அங்கே கேசரியைப் பற்றிச் சமையல்காரருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

ஐயர் தாலித் தட்டை எடுத்துக் கொடுத்தார். "தலையக் கொஞ்சம் குனிம்மா."

அன்பரசி குனியவில்லை. "கண்ணாடி வந்தாத்தான் குனிவன்."

"நேரம் போகுதும்மா."

"போகட்டும் சாமி. எனக்குத் தாலி கட்டறது யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மேளக்காரர் கெட்டிமேளத்துக்கு ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். குள்ளம்மாள் கெஞ்சினார். தாய்மாமன் நஞ்சப்பன் அதட்டினார். மாப்பிள்ளை பக்கத்தில், "நேத்து கால்ல வுழுந்த பொண்ணா இது?" என்று ஒரு குரல் கேட்டது. நேற்று சேர்த்த பெயர் மொத்தமும் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே என்பது மற்றவர்களுக்கு. அன்பரசிக்கு அதுவும் தெரியவில்லை. இப்போது குனிந்தால் அந்த நிமிஷம் திரும்ப வராது என்பது மட்டும் தெரிந்தது.

தஸ்லீம்தான் ஓடிப்போய், வழி மறித்து நிற்கிற கார்களின் எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "மணப்பெண்ணோட மூக்குக் கண்ணாடிய வெச்சிருக்கற கலைமணி அக்கா, சாப்பிட்டது போதும், மேடைக்கு வாங்க!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. கலைமணி அக்கா கையில் கேசரிப் பிசுக்கோடு வந்தார். ஜிப்பைத் திறந்து, கண்ணாடியைத் தன் முந்தானையில் துடைத்து, "போட்டோ கெட்டுப்போனா என்னியக் கேக்காத" என்று கொடுத்தார்.

அன்பரசி கண்ணாடியை மாட்டினாள். முதன்முறையாகக் கழுத்தைத் திருப்பினாள். தாலியைப் பிடித்தபடி ஓர் ஆள் வேர்த்து உட்கார்ந்திருந்தான். மீசையே இல்லை.

"நீங்க யாரு?" என்றாள்.

"நான்தாங்க, நவநீதன்." அவன் குரல் தாழ்ந்தது. "மீச இல்லாட்டி வயசு கொறச்சலா தெரியும்னு எங்க சித்தப்பா சொன்னாருங்க. அவருக்கு ரொம்ப அனுபவம். நேத்து ரிசப்சனுக்கு முன்னியே எடுத்துட்டாங்க. நீங்க பக்கத்துலயே இருந்தும் ஒண்ணுமே சொல்லல. சரி, புடிச்சிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டன்."

அன்பரசி சிரித்தாள். எல்லாருக்கும் ஒரே அளவு சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. "மறுபடி வளத்துடுங்க" என்று சொல்லித் தலை குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. குனிந்த தலையிலிருந்து, கண்ணாடிக்கு மேலாக இல்லாமல் கண்ணாடி வழியாகவே, அவன் உதடு நடுங்குவதைப் பார்த்தாள். ஆல்பத்தில் அவள் கண்கள் இரண்டும் டியூப்லைட்டாக எரிகின்றன. அவளுக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நாம் ஓர் உயிரினத்தைப் பற்றி அல்லவா பேசிக்கொண்டிருக்கிறோம்?

அடுத்த தையில் தஸ்லீமுக்கு நிச்சயமானது. மறுநாளே அன்பரசி அவள் வீட்டு நாற்காலியில் இருந்தாள். கைபேசியில் ஆல்பம் திறந்திருந்தது.

"யாரு சொன்னாலும் கண்ணாடியக் கழட்டாத. தாலி கட்டறப்ப மாப்பிள்ள மூஞ்சியப் பாக்கணும். மீசைய எடுக்க வுடாத."

"எனக்குக் கண்ணாடியே கெடையாதே. நிக்காஹ் நடக்கறப்ப அவரு ஆம்பளைங்க பக்கம் இருப்பாரு, நான் உள்ள இருப்பன். அவருக்கு மீசையும் இல்ல, தாடிதான்."

அன்பரசி காபியை ஒரு வாய் குடித்தாள். "நான் சொல்லலடி. அனுபவம் சொல்லுது. இதுல சர்க்கர பத்தல."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அன்பரசி மணவறையில் கை நீட்டியபோது, 'பழைய கண்ணாடி ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கலாமே, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்படித்தான் செய்தோம்' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் தயவுசெய்து அந்தக் கைபேசியைக் கீழே வையுங்கள். அடுத்த தெருவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.