பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

எல்ம் ரிவர், அயோவா
சனிக்கிழமை காலை

பாசமுள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

ஆர்லன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா லவோனும் சுகம். சோளம் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. நம் நீர்நாய்கள் பேஸ்பால் அணியும் சுகம்தான், ஆட்டத்தில் தோற்பது ஒன்றுதான் குறை. அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

நிற்க. இந்த வருஷம் நாம்தான் ஜெயிக்கப்போகிறோம். சிரிக்காதே. "அந்த டீமை இன்னுமா பாக்குறீங்க மாமா?" என்று போனில் நக்கலடித்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். நம் மாடி அறையில் தங்கி விளையாடிக்கொண்டிருந்தானே கேட்சர் கோல்பி, அவனை ஜூலையில் பக்கத்து ஊர் கோவேறு கழுதைகள் அணிக்கு டிரேடு பண்ணிவிட்டார்கள். போயும் போயும் அவர்களுக்கு! உன் அக்கா மாட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "லவோன்மா, என்னைக் கொடுத்துட்டாங்க" என்றான். "முதல்ல சாப்பிடு" என்றாள் அவள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினான்.

பதிலுக்கு நமக்கு யார் என்கிறாயா? ஒப்பந்தத்தில் "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர் ஒருவர்" என்று போட்டிருக்கிறது. முன்பொரு தடவை ஒரு பிட்சரைக் கொடுத்து ஒரு பெட்டி நிறைய பேட் வாங்கிய அணிதானே இது, அதற்கு இது எவ்வளவோ மேல். டிக்கெட் ஜன்னலில் மேனேஜர் கிப்பைப் பிடித்து, "யாருய்யா அந்த ஆளு?" என்றேன். "எனக்கே தெரியாது ஆர்லன். சீசன் முடியறதுக்குள்ள அவங்க சொல்லணும்" என்றார். "பந்து பிடிக்கத் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கேளும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசித்துப் பார் மச்சான், பெயரே தெரியாதவனிடம் என்ன குறை சொல்ல முடியும்? இடது கையால் அடிப்பான், மண்டியிட்டபடியே இரண்டாவது பேஸுக்கு எறிவான், வாசலில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவான் என்றெல்லாம் நான் முடிவே செய்துவிட்டேன். கோல்பியை எடுத்துக்கொள். பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து வேலியைப் பார்த்துவிட்டு வரும். குளியலறையில் பாடுவான். பிஸ்கட்டைத் தீர்த்துவிட்டு வெறும் டப்பாவை அலமாரியிலேயே வைப்பான். வருகிறவன் இப்படியெல்லாம் செய்யமாட்டான். அவனுக்காக மாடி அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். கோல்பி அங்கே படுத்தால் பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கும், புதியவனும் உயரமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பலகை வைத்துக் கட்டிலையும் நீட்டிவிட்டேன்.

என் கஷ்டமெல்லாம் உன் அக்காதான். கோல்பி போனதிலிருந்து மைதானத்துக்கு வருவதில்லை. மூன்றாவது பேஸுக்குப் பின்னால் அவள் சீட்டில் என் தொப்பியை வைத்துவிட்டு வெறுந்தலையோடு வெயிலில் காய்கிறேன். இவளோ வீட்டில் கோவேறு கழுதைகளின் ஆட்டத்தை ரேடியோவில் கேட்கிறாள். என் சமையலறையில்! கேட்டால், "கோல்பி அடிக்கிறானான்னு மட்டும்தான் கேக்குறேன்" என்கிறாள்.

"அவன் அங்கயும் அடிக்கலையே!"

"வயிறு காஞ்சா எங்கேருந்து அடிப்பான்?"

"சரி, நாளைக்காவது மேட்சுக்கு வாயேன்."

"அந்தப் பேரைச் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

உன்னிடம் மறைப்பானேன். அவள் இல்லாமல் அம்பயரைத் திட்டக்கூட ஆளில்லை. போன வாரம் அதிசயமாக ஜெயித்தோம். வீடு வரைக்கும் காரில் அதைப் பேச ஒருத்தரும் இல்லை. தோற்றதைவிட அது மோசமாக இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பெயர் வரட்டும், அணியும் தேறும், உன் அக்காவும் தேறுவாள். நீயும் கிளம்பி வா, கடைசி ஆட்டங்களைச் சேர்ந்து பார்ப்போம்.

கர்த்தர் உன் முழங்காலையும் நம் பிட்சர்களின் தோள்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமா ஆர்லன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது கிப் போன் பண்ணினார். பெயர் வந்துவிட்டது. கோல்பி. ஆமாம் மச்சான், கோல்பிக்குப் பதிலாகக் கோல்பியையே கொடுத்திருக்கிறார்கள். "வேற யாரையும் விட்டுக்கொடுக்க அவங்களுக்கு மனசு வரலை" என்றார் கிப். மேலே அவனைப் பற்றி எழுதியதையெல்லாம் மறந்துவிடு. "இந்த வருஷம்" என்று எழுதிய இடத்தில் "அடுத்த வருஷம்" என்று திருத்திப் படித்துக்கொள். மதியமே வந்துவிட்டான். காலைத் துடைக்காமல் மாடிக்கு ஓடி, "யாருக்குப் பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டான். "உனக்குத்தான்டா, வேற யாருக்கு?" என்றேன். உன் அக்கா இருமினாள். சாப்பிட்டுவிட்டு இப்போது தூங்குகிறான். எட்டிப் பார்த்தேன், பாதம் இரண்டும் கட்டிலுக்குள்ளேயே இருக்கின்றன. கீழே இறங்கி வந்தால் உன் அக்கா என் தொப்பியோடு நிற்கிறாள். "இந்தாங்க, இன்னைக்கு இதைத் தலையில போட்டுக்குங்க. சீட்டுல நான் உக்காரணும்."